மூடியில் ஓர் எழுத்துப்பிழை

லூபெயாக் பண்ணை, சமத்தான் அருகில்
9 டிசம்பர் 1993

அன்புள்ள மாயிலிஸுக்கு,

இங்கே நானும் உன் அத்தை ஆர்லெத்தும் கொட்டகையில் எண்பது வாத்துகளும் நலம், அங்கே டன்கிர்க் கடற்காற்றில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பதும் நலமென்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த வருஷம் வாத்து ஈரல் பிரமாதம். திங்கட்கிழமைச் சந்தையில் என் மேசைக்கு முன் நின்ற கூட்டம் தேவாலய வாசல் வரைக்கும் போயிற்று, பாரிஸ் சமையற்காரர் ஒருவர் என் ஈரலைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுத் தொப்பியையே கழற்றினார், இரண்டு பேர் கழற்றினார்கள் என்றும் சொல்லலாம். "அந்தாளுக்குத் தலை அரிச்சுது" என்கிறாள் ஆர்லெத். பொறாமை, வேறென்ன.

லாரிக்காரனிடம் கொடுத்தனுப்பிய ஈரல் புட்டியைத் திறக்காதே என்று போனில் சொன்னதற்கு நீ சிரித்தாய். "என்ன மாமா, கிறிஸ்துமஸுக்கு நீங்களே திங்கலாம்னு திருப்பிக் கேக்கறீங்களா? மூடியில இன்னும் தப்பாத்தான் எழுதறீங்க" என்றாய். வாஸ்தவம், நம் பிரெஞ்சு பாஷையில் ஈரலுக்கும் நம்பிக்கைக்கும் ஒரே ஓசை, எழுதும்போது கடைசியில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், அந்த எழுத்தை விட்டுவிட்டு முப்பது வருஷமாக 'கொழுத்த ஈரல்' என்பதைக் 'கொழுத்த நம்பிக்கை' என்றே எழுதி விற்றிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதும், ஒருத்தரும் புட்டியைத் திருப்பித் தந்ததில்லை. காரணத்தைச் சொல்ல போனில் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

போன வாரம் மருத்துவச்சி மதாம் கஸ்தேரா ஈரல் வாங்க வந்தார், பிறந்ததும் உன்னைக் கையில் வாங்கியவர். நான் சும்மா இருப்பேனா, ஊருக்கு விற்பதை நன்றாகக் கொதிக்கவைப்பேன், என் பிள்ளைக்கு மட்டும் அரைவேக்காடாக எடுத்து அனுப்பியிருக்கிறேன், வெண்ணெய் தோற்றுப்போகும் என்று அளந்தேன். கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. "அட கூறுகெட்ட மனுஷா, பிள்ளைத்தாச்சிக்கா? அரைவேக்காட்டுல ஒரு கிருமி இருக்கும்ப்பா. தாய்க்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சுட்டுப் போயிடும், உள்ளே இருக்கறது தாங்காது. வெந்த ஈரல்கூட இந்த மாசங்கள்ல வேணாம்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவருக்கும் ஒரே பிப்ரவரி மாதம் ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கு முன்னால் உனக்கோர் அண்ணன் இருந்தான் மாயிலிஸ். உன் அம்மா ஸெலி அதை உன்னிடம் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள். பருவத்தின் முதல் ஈரல் வீட்டில் உண்டாகியிருப்பவளுக்கு என்பது நம் வழக்கம், என் தங்கைக்கு என் கையால் பக்குவமாக அரைவேக்காட்டில் எடுத்தேன், கத்தி நுனியிலிருந்தே நக்கித் தின்றாள். "இதுக்காகவே இன்னொண்ணு பெத்துக்கலாம்ண்ணே" என்றாள். சில வாரம் கழித்துக் காய்ச்சல், இரண்டே நாள். எட்டாம் மாதம். மதாம் கஸ்தேரா குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தார், இடம் மாற்றி வைத்தார், மறுபடி மாற்றினார். சளிக்காய்ச்சல் என்றார் டாக்டர். ஈரல்தானா என்று எனக்குத் தெரியாது, இனி யாருக்குமே தெரியப்போவதில்லை.

ஆனால் இப்போது வாத்துக்கு மக்காச்சோளம் ஊட்டும் புனலைக் கையில் எடுத்தால் அது அந்தக் குழல் மாதிரியே இருக்கிறது. முப்பது வருஷமாக எடுக்கிறேன், ஒரு நாளும் தோன்றியதில்லை. நேற்று அதை ஒரு வாத்தின் நெஞ்சில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டேன். எண்பதும் கப்பென்று வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தன. இதை நான் பெருக்கிச் சொல்லவில்லை, ஆர்லெத்திடம் சொல்லிவிடாதே.

இன்னொன்று. நீ வயிற்றிலிருந்த வருஷம் கொட்டகையில் கழிச்சல் நோய் வந்து ஓர் ஈரல்கூடத் தேறவில்லை. ஸெலிக்கு வெறும் முட்டைக்கோஸ் சூப்தான். தங்கைக்கு ஒரு துண்டு கொடுக்க வக்கில்லாதவன் என்று ஊர் சிரித்தது, அதற்கு இத்தனை வருஷமும் வெட்கப்பட்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்தது அந்த ஒரு வருஷம்தானோ என்னவோ.

நன்றாக வெந்ததையே சாப்பிடு, பாலைக் காய்ச்சிக் குடி, காய்ச்சல் துளி தெரிந்தாலும் மாப்பிள்ளையை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போ. பையில் கம்பளிக் காலுறை வை, பிரசவ அறையில் பாதம்தான் முதலில் குளிரும் என்று மதாம் சொல்லச் சொன்னார். நீயும் அதுவும் இரண்டு உயிராகப் பிரிந்து ஒரே வீட்டில் நூறு வருஷம் சத்தம் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். புட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது, அது வரும்வரை நான் தபால்காரன் வழியையே பார்த்திருப்பேன். மூடியில் நம்பிக்கை என்று போட்டிருக்கும். அது எழுத்துப்பிழை, நம்பாதே.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த மாமா,
அபெல்