சனிக்கிழமை வாங்கிய புல்லட்

உ

சுரக்குடி,
துந்துபி வருடம் புரட்டாசி 4, திங்கட்கிழமை (1982).

சிங்கப்பூரில் இருக்கும் மகன் தெட்சிணாமூர்த்திக்கு அம்மா அன்னபூரணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் காரைக்கால் ஜொஹரா வீட்டு வாசலில் நின்றவர்கள்: நான். உன் பெண்டாட்டி அமுதம். உன் மகள் வடிவாம்பாள். உன் மைத்துனன் சண்முகசுந்தரம். எங்களை மாட்டு வண்டியில் கூட்டிப்போன தங்கையன். மோட்டார் சைக்கிளை விற்ற மன்சூர் அலி. அவனைப் பெற்ற ஜொஹரா. இத்தனை பேரையும் முதலிலேயே எழுதி வைக்கிறேன். சண்முகசுந்தரம் உனக்குத் தனியாக ஒரு கடிதம் போடுவான், அதில் கூட்டியும் குறைத்தும் இருக்கும். சந்தேகம் வந்தால் மற்றவர்களைக் கேட்டுக்கொள்.

இதுவரை என் கடிதமெல்லாம் பஞ்சநாதன் வாத்தியார் எழுதிக் கொடுத்தவை. நான் வைதால் அவர் "மிகவும் வருத்தப்படுகிறேன்" என்று மாற்றிவிடுவார். வருத்தம் வேறே, வசவு வேறே. அதனால் இதை நானே எழுதுகிறேன். மூன்றாவது வரை படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படி.

விஷயம் இதுதான். உன் மகளுக்குப் புல்லட் மோட்டார் சைக்கிள் வாங்கியாகிவிட்டது. பழைய வண்டி, கறுப்பு நிறம். அவளே ஓட்டுகிறாள். தப்பாக எழுதிவிட்டேனோ என்று நினைக்காதே, இன்னொரு தரம் படி.

வடிவு கிராம நர்சு வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்புகள் எல்லாம் அவள் பொறுப்பு. அங்கே பஸ் கிடையாது. சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தாள். மாதம் ஒரு தரம் பின் சக்கரக் கம்பி ஒடியும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கப்பி ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அது சைக்கிளில் ஆகிற தூரமில்லை. பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு, "மோட்டார் வண்டி ஒண்ணு பார்த்துக்கம்மா. மழைக்கு முன்னாடி ஏற்பாடு பண்ணலேன்னா வேற ஆளைத்தான் போடுவாங்க"ன்னு சொல்லிவிட்டார்கள். இதை உனக்கு எழுதிக் கேட்டேன். நீ என்ன பதில் போட்டாய்? "வண்டியும் வேண்டாம், வேலையும் வேண்டாம். தையில் வருகிறேன். கீழ்வேளூர்க்காரருக்கே கொடுத்துவிடலாம். இரண்டாம் தாரம் என்றாலும் இந்த உடம்புக்கு அவர் ஒப்புக்கொண்டதே பெரிது." பஞ்சநாதன் வாத்தியார் வாசித்தபோது "இந்த உடம்புக்கு" என்ற இடத்தில் குரலை இறக்கிக்கொண்டார். இறக்கி என்ன செய்ய? வடிவு அடுப்படியில்தான் நின்றாள். அரிசி களைகிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

அன்றைக்கே வண்டி தேட ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் சண்முகசுந்தரம் ஒரு மொபெட் கொண்டுவந்தான். "பொம்பளைப் புள்ளைக்கு இது போதும் அத்தை, பூ மாதிரி இருக்கும்"ன்னான். பூ மாதிரிதான் இருந்தது. வடிவு ஏறி வாய்க்கால் கரையில் விட்டாள். கரை மேட்டில் அது முனகிக்கொண்டு நின்றுவிட்டது. கடைசியில் இவள் இறங்கி அதை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மதகில் உட்கார்ந்திருந்த பயல்கள், வண்டி இவளை ஏற்றுகிறதா, இவள் வண்டியை ஏற்றுகிறாளா என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் அவன் தன்னுடைய சொந்த ஸ்கூட்டரையே தள்ளிக்கொண்டு வந்தான். அதை வாங்க ஆள் இல்லாமல் கொட்டகையில் போட்டு வைத்திருந்தான், மருமகள் தலையில் கட்டலாம் என்று நினைப்பு. கியர் போட, கிளச் விட வடிவு அதில்தான் ஒரு மாதமாகப் பழகினாள், எல்.எல்.ஆரும் வாங்கிவிட்டாள். அந்த மட்டில் அவனுக்குப் புண்ணியம். ஆனால் வளைவில் திரும்பினால் அவள் முழங்கால் கைப்பிடியில் இடிக்கிறது. முட்டி இரண்டும் கன்றிப் போய், ராத்திரியில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்கிறாள். அவளாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரியாத்தான் இருக்கு அப்பாயி"ன்னாள். எதையும் சரி என்று சொல்லப் பழகிவிட்டாள்.

மாடு வாங்கப் போனால் என்ன பார்ப்போம்? இழுக்க வேண்டிய பாரத்தைப் பார்த்துத்தானே மாடு பிடிப்போம்? இவர்களெல்லாம் பொம்பளை வண்டி, ஆம்பளை வண்டி என்று பார்த்தார்கள். ஏறுகிறவள் எத்தனை உயரம், எத்தனை பாரம் என்று ஒருத்தன் பார்க்கவில்லை. இன்னொரு தரம் நாலு பேர் பார்க்க அவளை ஏற்றி இறக்கி வேடிக்கை காட்ட எனக்கு மனசில்லை. அதனால் ஒரு மூட்டை நெல்லும் கால் மூட்டை நெல்லும் எடுத்து வைத்தேன். அவள் எடை அவ்வளவுதான், சுகாதார நிலையத் தராசில் பார்த்தது. அந்த நெல்லை ஸ்கூட்டர் சீட்டில் சாத்தி, பின் சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே விரலைக் கொடுத்தேன். விரல் போகவில்லை. முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி வண்டி அமுங்கிப் போயிருந்தது. உன் ஸ்கூட்டரை நீயே வைத்துக்கொள் என்று சண்முகசுந்தரத்திடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவனுக்கு என் மேல் கோபம்.

மன்சூர் அலி துபாய்க்குப் போகிறான், அவன் புல்லட் விலைக்கு வருகிறது என்று தங்கையன்தான் கேட்டுக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்க வந்தவர்கள் விலையில் இழுத்தடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். சனிக்கிழமை யார் இரும்பு வாங்குவான்? ஒருத்தரும் வரவில்லை. நான் போனேன், நெல் மூட்டையோடு.

ஜொஹரா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஏன்க்கா, வண்டி வாங்க வந்தீங்களா, நெல்லு விக்க வந்தீங்களா?"ன்னு கேட்டாள். நான் தங்கையனை விட்டு மூட்டையைச் சீட்டில் சாத்தச் சொன்னேன். விரலைக் கொடுத்தேன். என் கை முழுசாகப் போய் வந்தது. எதற்கு இது என்று ஜொஹராவிடம் அப்புறம் சொன்னேன். அவள் மாட்டு வண்டிக்குப் பின்னால் நின்ற வடிவைப் பார்த்துவிட்டாள். "மூட்டையை எறக்குங்கக்கா, புள்ளைய ஏத்துங்க. ஏம்மா, இம்புட்டு உசரத்தைக் குடுத்திருக்கான் ஆண்டவன், எதுக்குக் குனிஞ்சு நிக்கிறே? எம் மவன் இதுல உக்காந்தா ஒரு கால்தான் தரையில படும், கல்லு கெடக்கான்னு தேடுவான்"னாள். மன்சூர் அலி குட்டையன். அவனே சிரித்தான். தன்னைச் சொல்லித் தானே சிரிக்கிற ஆளை எனக்குப் பிடிக்கும்.

சண்முகசுந்தரம் விடவில்லை. "அத்தை, கெழமை சனி. இரும்பு. கறுப்பு. போதாததுக்கு உள்ள எண்ணெய். மூணும் அவருக்கு உள்ளது. வீட்டுக்கு ஆகுமா?"ன்னான். அமுதத்துக்கு உதடு நடுங்கிற்று. பாவம், அவள் எதற்குத்தான் நடுங்கவில்லை. நான் சொன்னேன்: "ஏண்டா, எங்கேயோ இருக்கிறவன் ரயிலேறி வந்து திருநள்ளாத்தில் பயந்து பயந்து கும்பிடுகிறான், சரி. நாம் அவருக்குப் பக்கத்து ஊர். நம்ம வயல் அறுப்பு முதல் நெல்லு அவர் சந்நிதிக்குப் போயிருக்கு. நம்ம வீட்டுப் புள்ள பிழைக்கிறதுக்கு ஒரு வண்டி வாங்கினால், அடுத்த ஊர்க்காரர் வந்து கெடுப்பாரா? கெடுத்தால் நேரே போய்க் கேட்பேன், நடக்கிற தூரம்தானே." தங்கையன் துண்டால் வாயை மூடிக்கொண்டான்.

ஸ்டார்ட் பண்ணிக் காட்டு பார்க்கலாம் என்று ஆரம்பித்தது சண்முகசுந்தரம்தான். மன்சூர் அலி முறை சொன்னான். கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்னக் கம்பியை அமுக்கி, மிதியை மெல்ல அழுத்தி, முன்னால் இருக்கிற மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் கம்பியை விட்டுவிட்டு, அப்புறம்தான் மிதிக்க வேண்டுமாம். அவசரப்பட்டு உதைத்தால் திருப்பி உதைக்குமாம். சண்முகசுந்தரம் இதையெல்லாம் கேட்பானா? எக்கிக் குதித்து ஓர் உதை விட்டான். வண்டி திருப்பிக் கொடுத்தது. காலைப் பிடித்துக்கொண்டு ஜொஹரா வீட்டுப் படியில் உட்கார்ந்தவன், நாங்கள் கிளம்புகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

வடிவு முன்னால் வந்தாள். நடவுக்கு இறங்குகிற பெண்கள் மாதிரி சேலையை வாரிக் காலிடுக்கில் இழுத்துச் செருகினாள். ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்தன. முழங்கால் எதிலேயும் இடிக்கவில்லை. கம்பியை அமுக்கினாள், முள்ளைப் பார்த்தாள், விட்டாள். அவள் உதைக்கவே இல்லையடா. எழுந்து நின்று தன் பாரத்தை மட்டும் மெல்ல அந்த மிதியில் இறக்கினாள். டப்... டப்... டப் என்று பிடித்துக்கொண்டது. மன்சூர் அலி, "மொத மிதியிலயா! எனக்கு ஒரு நாளும் இப்புடி எடுத்ததில்ல"ன்னு தாயாரைப் பார்த்தான். ஜொஹரா திருஷ்டி கழிக்கிற மாதிரி விரலைச் சொடுக்கினாள்.

எந்த உடம்பை எல்லோரும் சேர்ந்து அதிகம் என்றீர்களோ, அந்த உடம்புக்குத்தான் அந்த வண்டி கட்டுப்பட்டது.

பணத்தை எடுத்து மன்சூர் அலி கையில் கொடுத்தேன். படியில் இருந்தபடியே சண்முகசுந்தரம், "அத்தை, அது மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் வாங்க அத்தான் அனுப்பின பணம்!"ன்னு கத்தினான். ஆமாம். அதே பணம்தான். கீழ்வேளூர்க்காரனுக்குக் கொடுத்தால் அவன் ஓட்டுவான், என் பேத்தி பின்னால் உட்காருவாள். அதுவும் இடம் போதாது என்று அவன் சொல்லாமல் இருந்தால். அதற்கு அவளே ஓட்டட்டும். நீ கணக்குக் கேட்டாலும் என் பதில் இதுதான். கீழ்வேளூருக்கு ஆள் அனுப்பி, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நான் கேட்டேன். நீ கேட்கவில்லை.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவந்தோம் என்று கேள். சண்முகசுந்தரத்தைத் தூக்கி மாட்டு வண்டியில் படுக்கப் போட்டு, அமுதத்தைத் துணைக்கு ஏற்றி, நெல்லோடு தங்கையன் ஓட்டி வந்தான். நான் வடிவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன். கடைத்தெருவில் வண்டி இரண்டு தரம் நின்றது. நின்றால் என்ன, மறுபடியும் மிதித்தாள். "அப்பாயி, பயமா இருக்கா?"ன்னாள். பயமாகத்தான் இருந்தது, சொல்லுவேனா? அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என் இரண்டு கையும் எட்டவில்லை. பெரிய மரத்தைக் கட்டிக்கொண்ட தைரியம் வந்துவிட்டது. திருநள்ளாறு தேரடியில் நிற்கச் சொல்லி, உட்கார்ந்தபடியே கோபுரத்தைக் கும்பிட்டேன். நாலு பேர் நின்று பார்த்தார்கள். நல்லாப் பாருங்க என்றேன்.

இன்றைக்குக் காலையில் ஊசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். மதகுப் பயல்கள் எழுந்து நின்று வழி விட்டார்களாம்.

இனி நான் சொல்ல வந்தது.

போன வைகாசியில் நீ லீவில் வந்திருந்தபோது பெண் பார்க்க வந்தார்களே, அந்த மாப்பிள்ளையின் அத்தைக்காரி வடிவைப் பையன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தோமா, தேர் பாக்க வந்தோமா?"ன்னு கேட்டாள். கூடமே சிரித்தது. பலகாரத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போன பிள்ளை, அன்றைக்கு முதல் நிலைப்படியில் குனிகிற மாதிரி வெட்டவெளியிலேயும் குனிந்தே நடந்தாள். சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் நடந்தாள். அந்த வண்டியில் உட்கார்ந்தபோதுதான் அந்த முதுகு நிமிர்ந்தது.

தையில் நீ வருவாய். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் டாக்சி பேச வேண்டாம். அவள் வண்டியோடு வந்து நிற்பாள். ஏறி உட்கார். வழி பூராவும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வா. வாயைத் திறக்க வேண்டாம். நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, இருமல் இருந்தால் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. திருநள்ளாற்றுக்காரர் உன்னைக் காப்பாற்றட்டும்.

என் கோபத்தில் இருந்தவர்கள் நிறையப் பேர், உனக்குத் தெரியும். சண்முகசுந்தரத்துக்குக் கால் வீங்கிவிட்டது, அவனை விட்டுவிட்டேன். மதகுப் பயல்கள் வழி விட்டார்கள், அவர்களையும் விட்டேன். அந்த அத்தைக்காரி யாரோ, எவளோ, அவள் வீட்டுச் சோற்றிலா என் பேத்தி வளர்ந்தாள்? அவளையும் விட்டுவிட்டேன். அன்றைக்குக் கூடத்தில் அந்தச் சிரிப்போடு சேர்ந்து, வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்ற மகள் காது கேட்கச் சிரித்தவன் ஒருத்தன் இருக்கிறான். அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் தெட்சிணாமூர்த்தி.