சைகோன் பீங்கானும் நவாபு தர்பாரும்

1934 ஜூலை 18, புதன்

கண்ணாடி அலமாரியைத் துடைத்தேன். பிரெஞ்சு டீ செட் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், எங்கள் நிக்காஹுக்காக ஊர் திரும்பும்போது அவர் சைகோனில் வாங்கி வந்தது. கூஜா, ஆறு கோப்பை, ஆறு சாசர். விளிம்பில் தங்கக் கோடு. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் மறுபக்கம் தெரியும், அத்தனை மெல்லிசு. பெரிய விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்றார். இன்றுவரை அப்படி ஒருவரும் வரவில்லை. நாங்கள் பித்தளை லோட்டாவில்தான் குடிக்கிறோம்.

ஜூலை 22, ஞாயிறு

பால் கொண்டுவரும் செல்லத்தாய் முற்றத்தில் நின்று புது நாடகத்தை முழுக்க நடித்துக் காட்டினாள். அவள் தம்பி முத்திருளன்தான் ராஜபார்ட். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய நவாபு தர்பார். துரோகி மந்திரியைக்கூட நவாபு எவ்வளவு மரியாதையாகக் கோபிக்கிறார்! இந்த வீட்டில் ஒரு நாள் பேச்சைக் கூட்டிப் பார்த்தால், "உப்புக் கம்மி", "கதவச் சாத்து" — அவ்வளவுதான். அங்கே மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்கிறார்கள். அதனால்தான் சரித்திர நாடகம் என்றால் எனக்கு இம்புட்டுக் கிறுக்கோ? பாட்டுப் புத்தகம் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு நாடகம்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. "நம்ம வீட்டுப் பொம்பள கொட்டகை வாசல மிதிக்கப்படாது." அவர் போட்ட சட்டம்.

ஜூலை 29, ஞாயிறு

அவர் ஞாயிறுதோறும் போவதுபோல யாவாரமாகக் கல்லுப்பட்டிக்குப் போய்விட்டார். செல்லத்தாய் ஒரு சேதியோடு வந்தாள். தர்பாரில் நவாபு விருந்தாளிக்குத் தேநீர் கொடுக்க வேண்டுமாம். கம்பெனியில் இருப்பது மூக்கு உடைந்த கூஜா.

"ஒங்க பீங்கானக் குடுங்கக்கா. அடுத்த ஞாயித்துக்கெழம பகலாட்டத்துல, கோஷாப் பொம்பளைக திரைக்குப் பின்னால ஒங்களுக்கும் எடம் போடச் சொல்றேன்."

முன்னூறு வருஷத்துக்கு முந்தி ஏதடி தேநீர் என்றேன்.

"நவாபு பின்ன பழஞ்சோத்து நீச்சத்தண்ணியா குடிப்பாரு?"

சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு கோப்பை உடைந்தாலும் அவர் என்னைச் சும்மா விடமாட்டார். தெரிந்தேதான் சரி என்றேன்.

ஆகஸ்டு 3, வெள்ளி

கூடையில் வைக்கோல் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டேன். அலமாரிக்குத் திரை தொங்கவிட்டிருக்கிறேன். யா அல்லா, ஞாயிறு போகும்வரை அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

ஆகஸ்டு 6, திங்கள்

நேற்று எழுதக் கை வரவில்லை.

அவர் கல்லுப்பட்டிக்குக் கிளம்பினார். நான் புர்காவைப் போட்டுக்கொண்டு செல்லத்தாயோடு கொட்டகைக்குப் போனேன். திரையில் சின்னதாக ஒரு கிழிசல். கண்ணை வைத்தால், நவாபு! ஜிகினா அங்கி, தலையில் இறகு. பக்கத்தில் என் கூஜா. அது இம்புட்டு அழகு என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அழுகைகூட வந்தது.

முத்திருளன் தேநீரை ஊற்றினான். சூடு போலிருக்கிறது. படுபாவி, தான் நவாபு என்பதையே மறந்து, இரண்டு கோப்பையைக் கையில் எடுத்து, ஒரு முழ உயரத்தில் ஆற்றத் தொடங்கிவிட்டான்! மதுரைக்காரன் புத்தி! ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கொட்டகை முழுக்க "ஒன்ஸ்மோர்!" மறுபடி ஆற்றினான். மேல்கைக் கோப்பை வழுக்கியது.

"ஐயோ, என் சைகோன் கோப்ப!"

கத்தியது நான்தான். அத்தனை பேரும் திரைப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு முகம் மட்டும் சிரிக்கவில்லை. கல்லுப்பட்டியில் இருக்க வேண்டிய முகம். என் புருஷன் அப்துல் லத்தீப்.

வீட்டுக்கு வந்தார். சோறு போட்டேன். சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டார்.

ஆகஸ்டு 7, செவ்வாய்

பயமெல்லாம் போய் இப்போது எனக்குக் கோபம். எம்புட்டு வருஷமா இந்தக் கல்லுப்பட்டி? குளிக்கும்போது முனகுகிற பாட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது! நான் அடுப்படியில் புத்தகத்தை வைத்துப் படித்த அதே பாட்டை அவர் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒரே வீடு, ஒரே பைத்தியம். அதையும் ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு — இது என்ன குடித்தனம்?

ஆகஸ்டு 9, வியாழன்

செட் திரும்பி வந்தது. ஐந்து கோப்பை. கூடையைப் பிரித்தது அவர்தான். ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். இன்றைக்கு நான் தொலைந்தேன் என்று நின்றேன்.

"மேடையில என்னமா மின்னுச்சு, ஜெயினம்பு."

"நீங்க எப்பிடிப் பாத்தீக? கல்லுப்பட்டிக்குல்ல போயிருந்தீக?"

அவர் அலமாரிக் கதவைச் சாத்தினார். காது சிவந்துவிட்டது.

ஆகஸ்டு 12, ஞாயிறு

மதியம் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், நின்றார். திரும்ப வந்து, அலமாரியைத் திறந்து, இரண்டு கோப்பையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"டீ போடு. குடிச்சிட்டுப் போவோம்."

"எங்க?"

"கல்லுப்பட்டிக்கு." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "திரைக்குப் பின்னால ஒனக்கு ஒரு சீட்டு வாங்கியாச்சு."

எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். ஆற்றுவதற்கு இரண்டு பேருக்கும் தைரியமில்லை. நாக்குச் சுட்டுவிட்டது.