பாயைத் தூக்கியவள்

மார்ச் 9, திங்கள்

சீமைப்பலா இரண்டு தானாக விழுந்து உடைந்து கிடந்தன. என் வீட்டுக்காரர் பெனி இருந்தால் விழ விட்டிருக்க மாட்டார்.

வாசலில் அவர் கல்லறைச் சிமெண்டு இன்னும் முழுதாகக் காயவில்லை. படுத்த இடத்திலிருந்தே தெரிகிறது. பிள்ளையில்லாத எனக்கு இந்த வீட்டில் மிச்சம் அதுதான்.

மாலை ஜெபத்தில், பிறர் குற்றத்தை மன்னிக்கிற வரி வந்ததும் என் வாய் அடைத்துக்கொண்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி அவரைச் சாலையோரத்தில் அடித்துப் போட்டானே, அந்த இலியா — அவன் முகம்தான் வந்து நின்றது. எப்படிச் சொல்ல?

மார்ச் 10

இலியா வீட்டார் மன்னிப்புக் கேட்டு, வழக்கப்படி பாய் போர்த்திக்கொண்டு நம் வாசலில் வந்து உட்காரப் போகிறார்களாம். பெனியின் அண்ணன், என் மூத்தார் தவிதா சாப்பிடும்போதே கத்தினார். "வரட்டும். வெயில்ல கருகட்டும். அவனும் சமோவாக்காரன்தானே, வழக்கம் தெரியும்ல? குடும்பத் தலைவன் நான். நான் தூக்காம அந்தப் பாயை எவன் தூக்குவான்?"

அவர் தூக்கி உள்ளே அழைத்தால் பகை முடிந்தது. தூக்காவிட்டால் அடி விழும். பக்கத்து ஊரில் ஒருமுறை மண்டையே உடைந்திருக்கிறது.

உடையட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

மார்ச் 12

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

விடியுமுன்பே வந்துவிட்டார்கள். முன்னால் விறகு, அடுப்புக்கல், வாழையிலை — வேண்டுமானால் எங்களைச் சுட்டுத் தின்னுங்கள் என்று. பின்னால் குனிந்த உருவங்கள், மேலே பாய்கள். வெயில் ஏறியது. யாரும் அசையவில்லை. மூத்தார் உள்ளே கோக்கோ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மகன்கள் இறங்கிப்போய், அந்த விறகிலிருந்தே ஆளுக்கொரு கட்டையை உருவினார்கள்.

நடுப்பாய்க்குக் கீழே ஒரு பெண்ணின் பாதம் தெரிந்தது. எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. தட்டிவிடவில்லை. இலியாவின் அம்மா லுபே.

ஆண்டவரே, என்னைப் போய் ஏன்? வேறு ஆளே கிடைக்கவில்லையா உமக்கு?

போனேன். பாயைப் பிடித்துத் தூக்கினேன். கீழே இலியா, அம்மா மடியில் முகம் புதைத்துக்கொண்டு. "உள்ள வாங்க" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. பையன்கள் கட்டைகளோடு அப்படியே நின்றுவிட்டார்கள். பாய் தூக்கியபின் அடிக்க முடியாது.

மன்னித்தேனா? சத்தியமாக இல்லை. வாய்தான் சொல்ல மாட்டேன் என்கிறது, கையாவது செய்யட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

மார்ச் 13

அத்தை பாயில் சுருண்டு கிடந்தபடியே சொன்னார். "என் புள்ளைய அவன் ஒரு தரம் கொன்னான். நீ இன்னொரு தரம் கொன்னுட்டடி."

மூத்தார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாயைத் தூக்க நீ யாரு? வாழ வந்தவ. ஊரே பாக்க என் மூஞ்சில கரியப் பூசிட்ட. ஞாயித்துக்கெழமை இங்க இருக்கக் கூடாது."

"கல்லறை, மாமா..."

"அது எங்க மண்ணு."

போதகர் வீட்டுக்கு ஓடினேன். "எசெத்தா, நீ செஞ்சது கிறிஸ்து செய்யச் சொன்னதும்மா. ஆனா நான் இருக்கிற வீடே உங்க மூத்தார் கட்டிக் குடுத்தது. நான் என்னத்தப் பேச?" அழுதுவிட்டார். நான்தான் அவரைத் தேற்றிவிட்டு வந்தேன். நல்ல கூத்து.

மார்ச் 15, ஞாயிறு

பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்லறையைத் தொடக்கூட விடவில்லை.

மே 20

தலைநகர் அப்பியாவில், தம்பி வீட்டில். லுபே இரண்டு பேருந்து மாறி, ஒரு கூடை சேப்பங்கிழங்கைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். "நான் இல்லன்னு சொல்லிடுடா" என்றேன் தம்பியிடம். திரைக்குப் பின்னால் நின்றேன்.

"இருக்கட்டும் தம்பி. என் முகத்தைப் பாக்க அவங்களுக்கு எப்படி மனசு வரும்? கெழங்க மட்டும் குடுத்துருங்க" என்றாள் லுபே.

கிழங்கு நன்றாகத்தான் வெந்தது. என் பங்கைத் தம்பி தட்டில் வைத்துவிட்டேன். இதுதானா தைரியம்? பாயைத் தூக்கிவிட்டுத் திரைக்குப் பின்னால் ஒளிகிறேனே.

ஆகஸ்டு 2, ஞாயிறு

ஒரு சாவு வீட்டுக்குப் போகப் பேருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. அவர் கல்லறைமேல் கோக்கோக் கொட்டை காயப்போட்டிருந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கோழி விரட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். என்னைக் கண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேருந்து போய்விட்டது.

மாலை ஜெபத்தில் அந்த வரி வந்தது. இலியாவின் முகமும் வந்தது. அவனுக்காகச் சொல்லிவிடலாம் போலிருந்தது. எப்போது இப்படி ஆனதென்று தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் மூத்தார் வந்து நின்றார். அத்தையும். மறுபடி வாய் அடைத்துக்கொண்டது.

இவர்கள் பாய் போர்த்திக்கொண்டு என் வாசலில் வந்து உட்காரப் போவதில்லை. வராதவர்களுக்கு நான் எதைத் தூக்க, ஆண்டவரே?

நாளை மறுபடி சொல்லிப் பார்க்கிறேன்.