ஜன்னலில் இல்லாத பூ

அன்புள்ள தம்பிக்கு,

உன் புகைப்படக் கண்காட்சிக்கு வந்தேனே, அன்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? மேட்டுப்பாளையத்தில் நான் தினமும் பெருக்கிய தொழிற்சாலைக் கூடம் உன் படத்தில் கோயில் மண்டபம் போல நின்றது. உடைந்த ஜன்னலுக்கு வெளியே குல்மோகர் மரம் சிவப்பாகப் பூத்திருந்தது. கண்காட்சிக்கு ஹால் ஏற்பாடு செய்தது யார் என்று கேட்டேன். “தெரிஞ்சவங்கதான்க்கா” என்று பேச்சை மாற்றினாய்.

நேற்று லேபர் கோர்ட்டில், மாமாவின் சம்பள பாக்கி வழக்கில், கம்பெனி வக்கீல் அதே படத்தை நீட்டினார். “ஜனவரியிலயே காலியாயிடுச்சு, அப்புறம் யாரும் வேல செய்யல” என்றார். ஏப்ரல் கடைசி வரை உன் மாமா அங்கே லேத் ஓட்டினார். அது உனக்கே தெரியும். படத்துக்குக் கீழே ஜனவரித் தேதியும் உன் கையெழுத்தும் இருந்தன. ஜன்னலில் பூ இல்லை, வெறும் வானம்தான் இருந்தது.

“அவன் செய்யமாட்டான். வேற யாரோ மாத்தியிருப்பாங்க” என்றார் மாமா. எனக்கு உன் கண்காட்சி ஹால்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மே மாதம், அந்த மரம் பூத்திருந்தபோது, சாவி வாங்கிவந்து நீ படமெடுக்கக் கதவைத் திறந்துவிட்டவள் நான். வெள்ளிக்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறி அதைச் சொல்லப்போகிறேன். படத்தை மாற்றியது நீ இல்லையென்றால், அசல் படத்தோடு வந்து என் பக்கத்தில் நில். நீதான் என்றாலும் வா. கோர்ட்டில் உன் பெயரை என் வாயால் சொல்ல வைக்காதே.

உன் அக்கா