சம்மாட்டியாரின் கொடி

சம்மாட்டியார்,

இன்று காலை துறை வாயிலைத் திறந்தபோது ஈரக் கரைவலைக் கயிற்றின் வாடை முகத்தில் அடித்தது. வலைக்கு இப்போது சம்மாட்டியாரான உங்கள் மகன் அதைக் காய விரித்திருந்தார். நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஐம்பது வயதில் இவ்வாறு எழுதுவது எனக்கு வழக்கமன்று. ஆயினும் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

ஐரோப்பாவில் மூண்ட யுத்தத்தோடு மீனுக்கும் கட்டுப்பாடு வந்தது. கரையேறும் மீன் முழுவதும் துறையில் நிறுக்கப்பட்டு, துறை அதிகாரியான நானும் தராசுக்காரரும் கையெழுத்திட்ட பின்னரே வெளியே போகலாம். கள்ளச் சந்தைக்குப் போகாமல் புத்தளம் நகரத்தவருக்கு மீன் கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம். அதில் நான் இன்றும் பிழை காணவில்லை. ஆனால் தராசுக்காரர் ஒருவரே. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் ஜும்ஆவுக்குப் போவார். இரண்டு மணிவரை துறை மூடியிருக்கும். "காக்காட தொழுகையில நாங்க கை வைக்க மாட்டம்" என்று, தராசுக்காரரை அவர் சனம் அண்ணனை அழைப்பதுபோல் அழைத்து, முதல் நாளே சொன்னவர் நீங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் வலை கரையை அடைந்தபோது பன்னிரண்டே கால். வலையின் மடிப்பை நிறையச் சூடை மீன். நான் வாயிலைத் திறக்கவில்லை. மூடும் நேரத்தை ஆங்கிலத்தில் அறிவித்த என் நோட்டீஸ் அதில் தொங்கியது. மீன் சாகாதிருக்க, மடியைக் கரையேற்றாமல் நீங்களும் ஆட்களும் மார்பளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"உங்கட நோட்டீஸைச் சூடைக்கு வாசிச்சுக் காட்டினன் ஐயா. இங்கிலீசு விளங்காதாம்!" என்று அங்கிருந்தே கத்தினீர்கள். ஆட்கள் சிரித்தார்கள்.

ஒரு மணிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நெருக்கத்திலும் வெயிலிலும் மீன் செத்து வெள்ளையாக மிதக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு மணிக்கு வந்த தராசுக்காரர் மடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன ஐயா, ஒராள அனுப்பியிருந்தா தொழுகை முடிஞ்ச கையோட ஓடி வந்திருப்பன்தானே."

எனக்கு அது தோன்றவே இல்லை.

நிறுத்தோம், கையெழுத்திட்டோம், எல்லாம் விதிப்படி. மீன் தென்னந்தோட்டத்துக்கு உரமாகப் போனது. புத்தளத்துக்கு ஒன்றும் போகவில்லை. உங்கள் ஆட்களும் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் சண்டைக்கு வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் ஒரு யோசனையோடு வந்தீர்கள்.

"வலை வளைக்கப் போனா கரையில ஒரு கொடி நடுறம். நீங்க அத எழுதி வையுங்க. கொடி நிக்கிற மட்டும் துறைய மூடாதீங்க. காக்கா தொழுதிட்டு நேரா வருவார், கேட்டுட்டன். கொடி இல்லாம வாற மீனப் பறிச்சுப் போடுங்க, நான் வாய் திறக்க மாட்டன்."

தொழுகை நேரமும் கட்டுப்பாடும் ஒன்றையொன்று விழுங்காத வழி அது. அதை அன்றே மேலதிகாரிக்கு எழுதி அனுப்பினேன் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய், சம்மாட்டியார். காரணம் என்ற பந்தியில் அந்த வெள்ளிக்கிழமையை எழுதவேண்டியிருந்தது; என் கை எழவில்லை.

"மறுமொழி வந்ததா ஐயா?" என்று மாதக்கணக்காகக் கேட்டீர்கள். இல்லை என்றேன். "ஓம், யுத்தம்தானே" என்று எனக்காக நீங்களே காரணமும் சொன்னீர்கள்.

உங்களை அடக்கம் செய்த மறுநாள் அனுப்பினேன், வெள்ளிக்கிழமையையும் சேர்த்து. இரண்டு கிழமையில் அனுமதி வந்தது.

இப்போது வலைக்கொரு கொடி நிற்கிறது. மீன் அழுகுவதில்லை. துறையில் எல்லோரும் அதை 'ஐயாட கொடி' என்கிறார்கள். உங்கள் மகனும் அப்படியே சொல்கிறார். பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழையையும் விடாத நான், இதை இன்னும் திருத்தவில்லை.