அடுப்படிக்குப் போன மைக்

பாய்,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் பிடித்த பென்சில். மாலை வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் ஒரு வரி முடிக்கும்போது நான் ஒரு சொல்லை முடிக்கிறேன். ஆனாலும் நானே எழுதுகிறேன், பாய்!

நோட்டு தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உங்கள் மைக்கின் பஞ்சுத் தொப்பி அகப்பட்டது. அத்தர் மணக்கிறது என்கிறாள் சம்சாரம். எனக்கு மிளகாய் நெடிதான் வருகிறது.

மகன் துபாய் போன புதிது. எனக்கு எழுதத் தெரியாததால், திருவிழாக்களுக்கு மைக் கட்டுகிற நீங்கள் உத்தமபாளையத்திலிருந்து சைக்கிளில் வந்து எங்கள் பேச்சைக் கேசட்டில் பிடித்துக் கொடுத்தீர்கள். இரண்டு கேசட் போனபின் அவனுடைய பதில் கேசட் வந்தது.

"ஆத்தா குரலையே காணோம். அவுகளுக்கு என்னமோ ஆகிப்போச்சு, மறைக்கிறீக. அடுத்ததுலயும் கேக்கலன்னா வேலைய விட்டுட்டு வந்துருவேன்."

சம்சாரம் பேசத்தான் செய்திருந்தாள். வீட்டுக்கு ஆள் வந்தால் நிற்கிற மாதிரி, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். நான் முன்னறை நாற்காலியில். மைக் என் மூக்குக்கு நேரே.

அதுவரை வைத்த திருவிழா மைக் வாயருகே இருந்தால்தான் பிடிக்கும் என்று, பேட்டரி போட்ட மெல்லிய மைக்கைக் கொண்டுவந்தீர்கள். அது பல்லி கத்தியதைப் பிடித்தது. சிமெண்ட் சுவரில் மோதித் திரும்பிய என் குரலையும் பிடித்தது. அவள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசினாள். நீங்கள் கைதட்டிப் பார்த்தீர்கள், சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டீர்கள். காலி அறைக்குக்கூட ஒரு குரல் உண்டா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

கடைசியில் நாற்காலியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"அண்ணே, கோளாறு மைக்குல இல்ல. நாம ஒக்காந்துருக்க எடத்துல."

பழைய திருவிழா மைக்கையே அடுப்படிக்குக் கொண்டுபோனீர்கள். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கவிழ்த்த சட்டிமேல் துண்டை மடித்துப் போட்டு, அவள் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூச்சு நேராக அடிக்காதபடி சற்று ஓரமாக வைத்தீர்கள்.

"மதினி, மைக்கப் பாக்காதீக. கீரையப் பாத்துப் பேசுங்க."

"இவுக இங்கன நின்னா எனக்குப் பேச்சு வராது."

இருவரும் வாசலுக்கு வந்தோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீங்கள் சிரித்தீர்கள்.

"என்ன சொல்றா, பாய்?"

"ஒங்களப் பத்தித்தான். கேக்காம இருந்தா ஒடம்புக்கு நல்லது."

பிடுங்கிக் காதில் வைத்தேன். "ஏலே, நான் நல்லாத்தான் இருக்கேன். ஒங்கப்பன் பேச விட்டாத்தான ஒனக்குக் கேக்கும்!"

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் குரலை அத்தனை பக்கத்தில் அன்றுதான் கேட்டேன்.

மகன் வேலையை விடவில்லை. கீரைத்தண்டு ஒடிகிற சத்தம்கூடக் கேட்டதாம்.

இப்போது போனில் பேசுகிறான். ஆனாலும் அப்பன் கையெழுத்தைப் பார்க்க வேண்டுமாம். நேற்று முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, "நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு, எழுதுறேன்" என்றேன். கதவுக்குப் பின்னால் நின்றவள் வாயே திறக்கவில்லை. உங்கள் நினைவு வந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், அவளுக்குச் சற்று ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன்.

அப்போது தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை, பாய். மகன் கடிதத்தில் என் பென்சில் பாதிப் பக்கத்தில் நிற்கிறது. பந்தயம் வைக்கிறேன்: வருகிற வெள்ளிக்குள் அவள் முடித்துவிட்டால், பென்சில் உங்களுக்கு.