ஸ்ரீமதி சரஸ்வதியின் அடையாள அட்டை கேட்டு மறுக்கப்பட்ட உத்தரவாத நீட்டிப்பு

அனுப்புநர்:
அனந்தலக்ஷ்மி ஸ்ரீகண்டன்,
வலியசாலை அக்ரஹாரம்,
திருவனந்தபுரம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்,
திருவனந்தபுரம்.

பொருள்: பூஜை வைத்திருந்த லேப்டாப்புக்கு உத்தரவாத நீட்டிப்பைப் பதிவு செய்ய மறுத்து, சரஸ்வதி தேவியிடம் சம்மதக் கடிதம் கேட்கும் வெண்தாரா கணினி நிறுவனத்தின் மேல் புகார்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, நமஸ்காரம்.

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்த குடும்பஸ்திரீ. மலையாளம் தடையில்லாமல் பேசுவேன், எழுத வராது. ஆகவே மனுவைத் தமிழில் எழுதி, எதிரகத்து நீது செய்து கொடுத்த மலையாள மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன். நான் கோபமாக எழுதிய இடத்திலெல்லாம் அந்தப் பெண் "தயவாக" என்று போட்டிருக்கிறாள். தமிழில் உள்ளதையே அசலாகக் கொள்ள வேண்டுகிறேன்.

2. சென்ற ஆண்டு அக்டோபர் இரண்டாம் தேதி மேற்படி நிறுவனத்தின் லேப்டாப் ஒன்றை வாங்கினேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே தட்டித் தடவிக் கற்றேன். தினமும் காலையில் அதன் வழியாக ஸ்தோத்திர வகுப்பு எடுக்கிறேன். பக்கத்து ஸ்ரீவராகத்திலிருந்து மஸ்கட் வரை பதினாலு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் என்னை "டீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு முன் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட அனுமதி வேண்டும்.

3. நிறுவனம் தந்த ஓராண்டு உத்தரவாதம் இவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியோடு முடிவதாக இருந்தது. மேலும் இரண்டாண்டுக்கு நீட்டிக்க ஒரு கார்டு வாங்கினேன். அதிலுள்ள எண்ணை, உத்தரவாதம் முடிவதற்குள், அதே லேப்டாப்பில்தான் அடித்துப் பதிய வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. கார்டு சனிக்கிழமைதான் தபாலில் வந்தது. ஞாயிறு முழுக்கக் கொலுவுக்கு வந்தவர்களுக்குச் சுண்டலும் தாம்பூலமும் கொடுப்பதிலேயே போயிற்று. திங்கள் மாலை கோவிலுக்குப் போய் வந்து பதியலாம் என்றிருந்தேன்.

4. அங்கேதான் திதி என்னை ஏமாற்றியது. செவ்வாய் மாலைதான் பூஜைவைப்பு என்று நான் நினைத்திருக்க, திங்கள் மாலையே வைக்க வேண்டும் என்று கோவில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். நான் ஓட்டமும் நடையுமாக அகத்துக்கு வந்தேன். அதற்குள் என் அகத்துக்காரர் ஸ்ரீகண்டன் லேப்டாப்பைப் புத்தகங்களுக்கு மேலே வைத்து, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் இட்டு, விளக்கும் ஏற்றியாயிற்று. குடித்த காபி டம்ளரை ஒரு நாளும் எடுத்துத் தேய்க்கப் போடாத மனுஷர். "ஆயுதம்னா உன் ஆயுதம் இதுதானேடி?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த வார்த்தையில் போய்விட்டது. மீதிப் பாதியைத்தான் இம்மனுவில் தங்கள்முன் வைக்கிறேன்.

5. தாங்கள் இந்த ஊரில் இருப்பவர் என்பதால் விளக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வெளியூர் என்பதால் எழுதுகிறேன். புத்தகங்களையும் ஆயுதங்களையும் சரஸ்வதியின் முன் பூஜை வைத்தபின் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, வைத்ததைத் தொடவும் கூடாது. பால் கணக்கைக்கூட நான் எழுதவில்லை. பாக்கெட்டுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையை டம்ளரில் போட்டு வைத்து, பூஜை எடுத்தபின் நோட்டில் ஏற்றினேன். கொட்டை ஏழு, பால்காரர் சொன்ன கணக்கும் ஏழு.

6. எழுதத்தான் தடை, பேசத் தடையில்லை. ஆகவே புதன்கிழமை மத்தியானம், உத்தரவாதம் முடிவதற்கு முன்பாகவே, வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினேன். பிரதீஷ் என்ற பையன் எடுத்தான். நல்ல பிள்ளை. "அம்மா, எங்க வீட்லயும் பூஜை வெச்சிருக்கு, மோளோட புக்கெல்லாம் அங்கதான். எனக்குப் புரியும். பக்ஷே சிஸ்டத்துக்குப் புரியணுமே!" என்றான். தாமதத்துக்குக் காரணம் என்று கணினி காட்டியவை நான்குதானாம்: பயணம், மருத்துவமனை, திருட்டு, பொருள் வேறொருவர் வசம். பூஜை என்ற காரணம் அதில் இல்லை. நாலாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று இருவரும் கலந்து பேசி முடிவு செய்தோம். யார் வசம் என்று கணினி கேட்டது. பொய் சொல்லக் கூடாத நாள். "சரஸ்வதி" என்றேன். அவனும் அப்படியே பதிந்தான்.

7. விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும் லேப்டாப்பில் முதலில் "ஹரி ஸ்ரீ கணபதயே நம" என்று அடித்தேன். அடுத்ததாகக் கார்டு எண்ணை அடித்தேன். காலம் கடந்துவிட்டது என்று வந்தது.

8. ஒரு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் சாதனத்தைத் தம் வசம் வைத்திருந்த ஸ்ரீமதி சரஸ்வதி என்பவரின் சம்மதக் கடிதமும், புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை நகலும், முகவரிச் சான்றும் பதினைந்து நாட்களுக்குள் வந்து சேர வேண்டும்" என்று கண்டிருந்தது. அதற்கு நான் எழுதிய பதில்: புகைப்படம் இணைத்துள்ளேன் (கொலுவில் நடுப்படி, கையில் வீணை). முகவரி பத்மநாபபுரம் அரண்மனைக் கோவில். நவராத்திரிக்கு மட்டும் யானைமேல் ஏறி இவ்வூர்க் கோட்டைக்கு எழுந்தருள்வார். தற்போது ஊர் திரும்பிவிட்டார். சம்மதம் தராவிட்டால் எனக்கு இவ்வளவு எழுத வந்திருக்காது.

9. "ஆவணங்கள் திருப்திகரமாக இல்லை, சம்பந்தப்பட்டவரின் கையொப்பம் இல்லை" என்று கூறி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். கார்டுப் பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். எனக்குப் பணம் வேண்டாம், நாள்தான் வேண்டும். இவ்வருஷம் திதி நீண்டது. தேவி ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாள். பள்ளிக்கூடங்களுக்கும் விடுமுறையை நீட்டிக் கொடுத்தார்கள். நீட்ட மாட்டேன் என்று நின்றது, நீட்டிப்பை விலைக்கு விற்கும் இந்த நிறுவனம் ஒன்றுதான்.

10. தீபாவளி கழிந்த மறுவாரம் லேப்டாப்பின் திரை இருண்டுவிட்டது. மற்றபடி வேலை செய்கிறது. அதாவது, மாணவிகளுக்கு நான் தெரிகிறேன், எனக்கு அவர்கள் தெரியவில்லை. முகம் தெரியாத தைரியத்தில் ஒருத்தி பயறு உரிக்கிறாள். நகம் படும் சத்தம் எனக்குக் கேட்கிறது. பூனாவில் இருப்பவள் இட்லி தின்றுகொண்டே லலிதாம்பிகையைக் கூப்பிடுகிறாள். உதட்டைப் பார்க்காமல் உச்சரிப்பைத் திருத்த முடியாது. வரும் விருச்சிகம் (கார்த்திகை) ஒன்றாம் தேதி எங்கள் தெருக் கோவிலில் இவர்கள் அனைவரும் சேர்ந்து பாராயணம் செய்ய ஏற்றிருக்கிறோம். மஸ்கட்டிலிருந்து திவ்யலட்சுமி டிக்கெட் எடுத்துவிட்டாள். ஊர் முன்னால் இவர்கள் தப்பாகச் சொன்னால், "டீச்சர்" என்ற அந்த ஒரு வார்த்தை என்னிடமிருந்து போய்விடும். அதற்கு எந்தக் கம்பெனியும் உத்தரவாதம் தருவதில்லை.

ஆகவே தலைவர் அவர்கள், பூஜையில் இருந்த நாட்களை உத்தரவாதக் கணக்கிலிருந்து கழித்து, விஜயதசமி காலையில் நான் செய்த பதிவைச் செல்லுபடியாக்கி, பாராயணத்துக்குமுன் திரையை மாற்றித் தருமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பிரதீஷின்மேல் எனக்குப் புகார் ஏதுமில்லை. அவனுக்கு இதனால் ஒரு குறையும் வரக் கூடாது. சாட்சியாக ஸ்ரீமதி சரஸ்வதியையும் விசாரிக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டால், அவர் அடுத்த நவராத்திரிக்குத்தான் ஊருக்கு வருவார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அதுவரை என்னால் பயறு உரிக்கும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இப்படிக்கு,
அனந்தலக்ஷ்மி ஸ்ரீகண்டன் (டீச்சர்)

இடம்: வலியசாலை
நாள்: 5-11-2025

இணைப்புகள்:
நீட்டிப்புக் கார்டு.
நிறுவனத்தின் கடிதங்கள் இரண்டு.
மலையாள மொழிபெயர்ப்பு ("தயவாக" வரும் இடங்கள் அடிக்கோடிடப்பட்டுள்ளன).
கொலுப் புகைப்படம்.
புளியங்கொட்டை ஏழு, டம்ளருடன். டம்ளரை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும். செட்டில் ஒன்று குறைகிறது.